அப்பாவின் பெயரில் நின்ற சாதகம்

மானிப்பாய்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் கோகுலனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். உன்னையும் கீரிமலைச் சிவன் சுகமாக வைத்திருக்கட்டும். வீடியோவில் உன்னைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு முகமில்லை. லண்டன் திரும்பும் சிவதர்ஷனிடம் கறித்தூளோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்துவிடுகிறேன்.

புத்தூர்ச் சம்பந்தம் ஏன் நின்றது என்று கேட்டபடி இருக்கிறாய். சாதகம் பொருந்தவில்லை என்று அப்பா சொன்னது பொய். வேண்டாம் என்றது கஜானிதான். காரணம் நாங்கள்.

கலியாணத் தரகர் இப்போது சாதகங்களைக் கணினியில்தான் வாங்குகிறார். குடும்பத்துக்கு ஒரு கடவுச்சொல். இரண்டு வீட்டுச் சாதகங்களையும் அவரே பொருத்திப் பார்த்து, சரி என்றால்தான் மற்றவர் கண்ணில் காட்டுவார். அந்த மென்பொருளில் ஓட்டை இருந்திருக்கிறது. உன் சாதகத்தை அனுப்பப் போன அப்பாவுக்குத் தரகரின் அதிகாரம் முழுவதும் கிடைத்துவிட்டது. எல்லா வீட்டுக் கோப்புகளும் வரிசையாகத் தெரிந்தன, கஜானியுடையதும்தான்.

நாங்கள் உடனே மூடியிருக்க வேண்டும். உனக்கு அவளைப் பிடித்திருக்கிறதே, செவ்வாய் இருந்துவிடுமோ என்று பயம். அப்பா கண்ணாடியைத் தேடினார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அச்சடித்துச் சாத்திரியாரிடம் கொண்டு போனோம். நல்ல பொருத்தம், கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம் என்றார். வரும் வழியில் அப்பா கற்கண்டு வாங்கினார். ஆக்கப் பொறுத்த எங்களுக்கு ஆறப் பொறுக்கவில்லை.

திறந்தவர் பெயருக்கே கோப்பின் உரிமை மாறிவிடும் என்று எங்களுக்கு என்ன தெரியும்? சான்றிதழ் ஒன்றைச் சேர்க்கப் போன கஜானிக்குத் தன் கோப்பே திறக்கவில்லையாம். உரிமையாளர் என்ற இடத்தில் நமசிவாயம் என்று உன் அப்பாவின் பெயர் நின்றிருக்கிறது.

எனக்குத்தான் போன் எடுத்தாள். சத்தம் போடவில்லை. “கேட்டிருந்தா நாங்களே தந்திருப்பமே, மாமி. உங்கடை வீட்டுக்கு வந்தா நான் என்னத்தைப் பூட்டி வைக்கிறது?” என்றாள். மானமே போய்விட்டது, மகன்.

தரகர் ஓட்டையை அடைத்து, கோப்பை அவள் பெயருக்கே மாற்றிவிட்டார். அப்பா கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டார். கற்கண்டு பிரிக்காமல் கிடக்கிறது.

நீ அவளோடு கதை. எங்களுக்காக மன்னிப்புக் கேட்காதே, அது எங்கள் வேலை. அவளிடம் ஒன்றை மட்டும் சொல்லு. உங்கள் வீட்டுச் சாவி எங்களுக்கு வேண்டாம். கதவைத் தட்டுவோம். அவள் திறக்கும்வரை வெளியே நிற்போம்.

இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
குணலட்சுமி