பிளம் கொட்டை அளவு

தூர்தா,
ஜனவரி 20, 2007

அன்புள்ள ஹோரியா,

இங்கே நலம். நீயும் நலமாக இருப்பாய். இங்கிருந்து ஸ்பெயினுக்கு வரும் வேன்காரர் காபோரிடம் குடமிளகாய்த் தொக்கு இரண்டு பாட்டில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். போனில் பேசினால் நமக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது, கதவுக்கு அந்தப் பக்கம் மிருனா நிற்கிறாள். அதனால்தான் கடிதம்.

அவளுடைய உப்புப் படிகம் வளரவில்லை. வகுப்பில் மற்ற பிள்ளைகளுடையதெல்லாம் வளர்ந்துவிட்டதாம். ஊரே உப்புச் சுரங்கத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது, நம் பெண்ணின் ஜாடியில் மட்டும் வளர மாட்டேன் என்கிறது. நீ கிளம்பும்போது அந்த உப்புத் துணுக்கை நூலில் கட்டி ஜாடியில் தொங்கவிட்டு, "இது பிளம் கொட்டை அளவுக்கு வரட்டும், அப்பா வந்து உன்னை ஸ்பெயினுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்" என்றாயே, ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கிற வாக்கா அது? என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

வியோரிக்கா

—

சரகோசா,
ஸ்பெயின், ஜனவரி 28

அன்புள்ள வியோரிக்கா,

தொக்கு வந்தது, நன்றி. என்னோடு அறையில் இருப்பவர்கள் ஒரே நாளில் வழித்துவிட்டார்கள்.

இனிமேல் கரையாது என்கிற வரை வெந்நீரில் உப்பைப் போட்டு, ஆறவைத்து, வடிகட்டி ஊற்ற வேண்டும். ஜாடியை ஆட்டக் கூடாது. இதெல்லாம் மிருனாவுக்கு அத்துப்படி. அப்படியும் வளரவில்லை என்றால் யாரோ உப்பில்லாத பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கரைக்கிறார்கள். வீட்டில் இருப்பது இரண்டே பேர். எனக்குக் காது குத்தாதே.

அவளுக்குக் கட்டில் வாங்கிவிட்டேன், பள்ளியிலும் பேசிவிட்டேன். நாம் பிரிந்ததற்காக அவளும் என்னைப் பிரிய வேண்டுமா? உன் கையெழுத்து இல்லாமல் எல்லையில் விட மாட்டார்கள். நீ போடாவிட்டால் வழக்குதான். வக்கீலைப் பார்த்துவிட்டேன்.

ஹோரியா

—

தூர்தா,
பிப்ரவரி 10

ஹோரியா,

வழக்குப் போடு. கையெழுத்து போட மாட்டேன் என்றால் உன் முகத்துக்கு நேரே சொல்வேன். திருட்டுத்தனமாக உப்பைக் கரைக்கிற அளவுக்கு நான் இறங்கவில்லை. தொக்கும் இனி வராது.

வியோரிக்கா

—

தூர்தா,
பிப்ரவரி 17

ஹோரியா,

கோபத்தில் எழுதியது உனக்குக் கிடைத்திருக்கும். அதை ஒதுக்கி வைத்துவிட்டு இதைப் படி.

நேற்று பள்ளிக்குக் கிளம்பும் முன் மிருனா பல் துலக்கும் குவளையில் குழாய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய் ஜாடியில் ஊற்றினாள். நான் பின்னால் நின்றது தெரியாது. "ஏண்டி?" என்றேன். குவளையைப் போட்டுவிட்டு அழுதாள்.

"பெரிசாயிட்டா அப்பா வந்து கூட்டிட்டுப் போயிடுவார். நீ தனியா என்னம்மா பண்ணுவே?"

"அப்ப ஒரேயடியா ஊத்திக் கரைச்சிடலாமே?"

"முழுசாக் கரைஞ்சிட்டா அப்பா வரவே மாட்டாரே. அதான் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தறேன்."

வளரவும் விடாமல், கரையவும் விடாமல் இத்தனை நாளாகக் காவல் காத்திருக்கிறாள், ஹோரியா. எனக்குக் கோபம் வருகிறது. உன்மேல் மட்டுமில்லை, என்மேலும்தான். என்ன செய்யலாம், நீயே சொல்.

வியோரிக்கா

—

சரகோசா,
பிப்ரவரி 25

அன்புள்ள வியோரிக்கா,

உன்மேல் பழி போட்டேன். வெட்கமாக இருக்கிறது. வக்கீலிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இதை மட்டும் மிருனாவுக்கு வாசித்துக் காட்டு: "கண்ணு, அளவெல்லாம் கிடையாது. அப்பா சொன்னது தப்பு. அது வளர்ந்தாலும் வளராவிட்டாலும் ஈஸ்டருக்கு வருகிறேன். டிக்கெட் எடுத்தாயிற்று, போக வர, என் ஒருத்தனுக்கு மட்டும்."

கட்டில் இருக்கட்டும். என்றைக்காவது விடுமுறைக்கு வர ஆசைப்பட்டால் வரட்டும். அதையும் உன்னைக் கேட்டுத்தான்.

ஹோரியா

—

தூர்தா,
மார்ச் 10

அன்புள்ள ஹோரியா,

வாசித்துக் காட்டினேன். "என் ஒருத்தனுக்கு மட்டும்" என்ற இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னாள். பிறகு அவளே பாத்திரத்தை எடுத்து வைத்து உப்புத் தண்ணீரைக் காய்ச்சினாள். நான் வடிகட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது வளர்கிறது. காலையும் மாலையும் அளவுகோலை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்விடுகிறாள். எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் கையால் மறைக்கிறாள். "நீ ஒண்ணும் எழுதிப் போட்டுடாதே. அப்பாவே வந்து பாக்கட்டும்."

தொக்கு காபோரிடம் இருக்கிறது. இந்தத் தடவை மூன்று பாட்டில்.

வியோரிக்கா