இலை ஈரம் நாற்பதுக்குக் கீழே

வருணி விண்நிலையம். பணியில் அருள்நங்கை, ஒரே ஆள். இதைக் கண்டெடுப்பவருக்கு.

மே 3, 2061. 10:40
தென் தமிழகத்தைக் கடந்தேன். ராமநாதபுரம் பக்கம் ஆவாரங்கூரணி: இலை ஈரம் 62. நாற்பதுக்குக் கீழே இறங்கினால்தான் வறட்சி. அப்போதுதான் தண்ணீர் லாரி. வறட்சி இல்லை என்று ஒப்பமிட்டேன். காபிப் பொடி தீர்ந்துவிட்டது. இன்றைய பேரிடர் அது ஒன்றுதான்.

மே 5. 11:05
அந்த ஊர்க் களப்பணியாளர் வழிவிட்டானிடமிருந்து செய்தி: "மேடம், ஊருணி வத்தி இருபது நாளாச்சு. மேல இருந்து என்னத்தத்தான் பாக்குறீக?"

படத்தைப் பெரிதாக்கினேன். வயல் ஒன்றுகூட இல்லை. அத்தனையும் சீமைக்கருவேலம். நிலத்தடியில் இருந்ததையெல்லாம் குடித்துவிட்டுப் பச்சைப்பசேலென்று நிற்கிறது. பயிரையும் அதையும் பிரித்துக் காட்டும் கருவி மார்ச்சிலேயே பழுது. தெரிந்தும் அலட்சியமாக இருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

மே 5. 16:30
எண்ணைத் திருத்த அனுமதி கேட்டேன். தலைமையகம்: "கருவி தரும் எண்ணில் யாரும் கை வைக்கக் கூடாது." லஞ்சத்தைத் தடுக்க அந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறோம்!

வழிவிட்டானுக்குச் சொன்னேன்: கருவேலத்தை வெட்டுங்கள். பச்சை குறைந்தால் எண் குறையும்.

மே 8. 10:52
51. ஊரே வெட்டுகிறது. வெயில் 46 டிகிரி. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு செம்புத் தண்ணீர்.

"ரெண்டு பேரு அருவாளோட விழுந்துட்டாக மேடம். ஒருத்தரு எந்திரிக்கல."

மே 10. 10:47
42.

"கருவேலம் முடிஞ்சுபோச்சு. பள்ளிக்கூடத்து வேப்பமரங்கதான் மிச்சம். தகரக் கூரைக்குள்ள இருக்க முடியலன்னு பிள்ளைகளையும் முடியாதவுகளையும் அதுக்கடியிலதான் போட்டுருக்கோம். அதையும் வெட்டிரவா? நீங்களே சொல்லுங்க."

படத்தை மறுபடி கணக்கிட்டேன்; அதே 42. பிறகு வெட்டுங்கள் என்றேன்.

மே 11. 10:43
38. வறட்சி உறுதி. லாரி புறப்பட்டது. ஊர் போய்ச் சேர ஏழு மணி நேரம்.

மே 11. 12:20
பள்ளிக்கூடத்து மைதானம் வெறும் வெள்ளையாகத் தெரிகிறது. தரை வெப்பம் 58. வழிவிட்டானைக் கூப்பிட்டேன். பதில் இல்லை.

12:31
பதில் இல்லை.

12:50
இன்னும் ஐந்து மணி நேரம். பிள்ளைகளை எங்கே படுக்க வைத்தீர்கள்? யாராவது எடுங்கள். யாராவது