போதும் என்று சொல்ல ஆளில்லை

மார்ச் 4
ஜிம்மில் இன்றும் ஒரு பெண் என் கையைத் தொட்டுப் பார்த்தாள். "எப்படி மேடம், துளிக் கொழுப்பு இல்லாம இருக்கீங்க?" வரவேற்பு மேசையில் பெயர் பதிவதுதான் என் வேலை; அங்கே ஒரு கருவியைக்கூட நான் தொட்டதில்லை. முதலாளி என்னைத்தான் விளம்பரப் பலகை என்பார்.
அவள் போனதும் துணி மாற்றும் அறையில் நின்று ஒரு பாக்கெட் பிஸ்கட்டைத் தின்று தீர்த்தேன். காலையிலிருந்து மூன்றாவது.

மார்ச் 11
இன்சுலினை மறுபடி கூட்டியிருக்கிறார்கள். சர்க்கரை அசையவில்லை. ஆய்வுக்கூடத்துப் பெண் குழாயைத் தூக்கிக் காட்டினாள் — ரத்தத்தின் மேல் பால் மாதிரி கொழுப்பு. என்னிடமா?

மார்ச் 12
பசி.

மார்ச் 19
பெரிய ஆஸ்பத்திரியில் புது டாக்டரம்மா. கையை, தொடையைக் கிள்ளிப் பார்த்தார். பிறவிக் கோளாறாம். தோலுக்கடியில் கொழுப்பு தங்காதாம். தங்க இடமில்லாமல் ஈரலிலும் தசையிலும் போய் அடைகிறது. அங்கே இன்சுலின் பேச்சு எடுபடுவதில்லை.
"பசி ஏன் அடங்கவே மாட்டேங்குது?" என்றேன்.
"கொழுப்பு வெறும் மூட்டை இல்லம்மா. 'இருப்பு இருக்கு, போதும்'னு மூளைக்குச் சேதி அனுப்பறதே அதுதான். உங்க உடம்புல அனுப்ப ஆளில்லை."
"குண்டா இருக்கறவங்களுக்கு?"
"சேதி நிறையவே போகும். பல பேருக்கு மூளை காதுல வாங்காது. அவங்களுக்கும் பசிதான்."
அப்புறம் அவர் சொன்னது எதுவும் மண்டையில் ஏறவில்லை. அக்கா.

மார்ச் 20
அக்கா என்கிட்ட பேசி நாலு வருஷமாச்சு. அவ வீட்டு விருந்து. அவ மாமியார், நாத்தனார் எல்லாரும் இருந்தாங்க. அக்கா இன்னொரு கரண்டி சோறு கேட்டா. நான்தான் சிரிச்சுகிட்டே — "வாயைக் கட்டுக்கா, தானா இளைப்பே. என்னைப் பாரு." தட்டை அப்படியே வெச்சுட்டு எழுந்து போனவதான். அன்னிக்கு அவளைவிட நான் ரெண்டு மடங்கு சாப்பிட்டிருப்பேன். என்னை ஏன் ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலை?
சின்ன வயதில் ஒரே போர்வை. குளிரெடுத்தால் அவள் வயிற்றில் பாதத்தை வைத்துக்கொள்வேன். தூக்கத்திலேயே இழுத்து அணைத்துக்கொள்வாள். அந்தச் சூடு மட்டும் இப்போது கிடைத்தால்.

மார்ச் 27
கூப்பிட்டேன். அவள் வீட்டுக்காரர் எடுத்தார். "சொல்றேம்மா." பின்னாலிருந்து அவள் குரல் — "யாரு?" நாள் முழுக்க அந்த ஒரு சொல்தான் காதில்.

ஏப்ரல் 2
அக்கா திருப்பிக் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 9
என் மூளைக்குப் போகாத அந்தச் சேதியையே ஊசி மருந்தாகக் கொடுத்துவிட்டார்கள். தினம் ஒன்று. இன்று மாலை அதைக் கையில் வைத்துக்கொண்டு பயந்து உட்கார்ந்திருந்தபோது வாசல் மணி. அக்கா. படியேறி மூச்சு வாங்க நின்றாள். டாக்டரம்மா சொன்னதை எல்லாம் சொன்னேன். "உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாதுக்கா," என்று அழுதேன்.
"அப்போ என் மேல தப்பில்லைன்னு சொன்னாங்களா?"
"ஆமா."
"ஒரு தாள்ல எழுதித் தருவாங்களா? எங்க மாமியார்கிட்ட காட்டணும்."
ஊசியை அவளே வாங்கிக்கொண்டாள். என் வயிற்றில் இடம் தேடினாள். "கிள்ள சதையே இல்லையேடி. கேட்டிருந்தா நான் தந்திருப்பேனே." அவள் கை சூடாக இருந்தது.

ஏப்ரல் 16
சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பசி அப்படியேதான். மன்னித்தேன் என்று அவள் இன்னும் சொல்லவில்லை.

மே 14
இன்று மதியம் சாப்பிட மறந்துவிட்டேன். மூன்று மணிக்கு அக்கா போனில் கூப்பிட்டுத் திட்டினாள்.