நாலாயிரத்து நூற்றெழுபத்தாறின் பெயர்

நார்த்மீட், சிட்னி
8.10.1978

அன்புள்ள மகன் கேதீஸ்வரன் அறிய அம்மா எழுதுவது,

பிள்ளையார் துணையால் நாங்கள் மூன்று பேரும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் கிட்வேயில் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். சாம்பியாவில் சவர்க்காரமும் சமையல் எண்ணெயும் கடைக்கு வருவதில்லை என்று எழுதியிருந்தாய், அதற்காகச் சுரங்கத்துச் சட்டையைத் துவைக்காமல் திரும்பத் திரும்பப் போடாதே, சொறி வரும். அப்பாவுக்கு இடப்பக்கத்துப் பல்லு ஒன்று பிடுங்கினது, இப்போது வலப்பக்கத்தால் மெல்லுகிறார், ஆனால் பேச்சுக்கு மட்டும் ஒரு குறைவும் இல்லை. தங்கச்சி யோகா நான் தமிழில் கேட்டால் இங்கிலிஷில் மறுமொழி சொல்லுகிறாள், கோபம் வந்தால் மட்டும் அவளுக்குத் தமிழ் வருகிறது, அதனால் கிழமைக்கு ஒருதரமாவது அவளைக் கோபப்படுத்தி வைத்திருக்கிறேன்.

அப்பா எனக்குத் தெரியாமல் உனக்கு ஒரு நீலக் கடிதம் போட்டுவிட்டார் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குப் புத்தி சொல்லு, வேலையைத் துலைக்கப் பார்க்கிறாள் என்று எழுதியிருப்பார். வந்த இடத்தில வாலைச் சுருட்டிக்கொண்டு இருக்கவேணும், உமக்கு ஏன் இந்தத் தேவையில்லாத வேலை என்று ஒரு கிழமையாக ஒரே பாட்டு. நீ எனக்குப் புத்தி சொல்லமுதல் என் பக்கத்தையும் கேள்.

நான் வேலை செய்வது ஒரு சின்ன மியூசியம் என்று முன்பே எழுதினேன், ஒரு சங்கம் நடத்துவது, அங்கே குசினியும் தேத்தண்ணியும் என் பொறுப்பு. சிவனேஸ்வரி என்ற பெயர் அவர்கள் வாய்க்குள் நுழையவில்லை என்று முதல் நாளே ஷெர்லி என்று வைத்துவிட்டார்கள், நானும் போனால் போகட்டும் என்று விட்டேன். இந்த வருஷம் மத்திய ஆபிரிக்காவைப் பற்றி மாதத்துக்கு ஒரு பொதுப்பேச்சு, சனிக்கிழமை பின்னேரம், யாரும் வந்து கேட்கலாம். முதல் பேச்சு காடும் பறவையும். சப்பாத்து மாதிரிச் சொண்டு வைத்த அந்தச் சதுப்பு நிலக் கொக்கின் படத்தைக் காட்டினபோது, நாங்கள் எல்லாரும் சாம்பியாவில் இருந்த காலத்தில் நீ பள்ளிக்கூடச் சுற்றுலாவில் அதைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் அதைப் போலவே நடந்து திரிந்தது ஞாபகம் வந்து, தேத்தண்ணிக் கேத்திலுக்குப் பின்னால் நின்று சிரித்தேன். இரண்டாவது பேச்சு மேளமும் மண் உருவங்களும். பேச்சாளர் அந்தப் பக்கத்தில் மூன்று வருஷம் உத்தியோகம் பார்த்தவராம், கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன், பறவைகளைப் பற்றி நன்றாகவே பேசினார்.

மூன்றாவது பேச்சு போன சனிக்கிழமை, வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தைப் பற்றி. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து ஒரு பித்தளை வில்லையை எடுத்துக் காட்டினார். ஒரு ரூபாய்க் குத்தியை விடக் கொஞ்சம் பெரிது, மேலே ஒரு துளை, நடுவில் அடித்த இலக்கம். கீழே ஒட்டியிருந்த துண்டில் கழுத்தணி, பித்தளை, வட ரொடீசியா என்று சாம்பியாவின் பழைய பெயரோடு இருந்தது. இந்தச் சனத்துக்கு மினுங்குவது எதுவும் பிடிக்கும், எங்கள் ஆட்கள் எறிந்த தகட்டைக்கூட எடுத்துக் கோத்துப் போட்டுக்கொள்வார்கள் என்று அவர் சொல்ல, சபை சிரித்தது. கேதீஸ், அந்த வில்லையை நீயும் நானும் பார்த்திருக்கிறோம். கசாமாவில் அப்பா படிப்பித்த பள்ளிக்கூட வளவுக் காவல்காரர் கோட்டுக்குள் ஒரு துணிப்பையில் வைத்திருந்தாரே, அதேதான், இலக்கம் மட்டும் வேறு.

நான் தேத்தண்ணிப் போச்சியைக் கீழே வைக்கவும் இல்லை. அது நகை இல்லை ஐயா என்று பின்னால் நின்றபடியே சொன்னேன். பதினாலாம் ஆண்டுச் சண்டையில் உங்கள் பட்டாளத்துக்குச் சோளமாவும் தோட்டாவும் தலையில் சுமக்கப் பிடித்துப்போன ஆட்களின் கழுத்தில் கட்டிய இலக்கம் அது, வழியில் விழுந்து செத்தால் கணக்குப்பிள்ளை கொப்பியில் அந்த இலக்கத்தை வெட்டிவிடுவதற்காகக் கட்டியது, சுமந்தவர் ஒருவர் எட்டு வருஷம் என் குசினி வாசலில் இருந்து தேத்தண்ணி குடித்தவர், அவர் வாயால் கேட்டேன், தன்னோடு போன அண்ணன் திரும்பி வரவில்லை என்றும் சொன்னார் என்றேன். முன்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா திரும்பி, மெத்தப் பணிவாகத்தான், அந்த மனிதருடைய பெயர் என்ன என்று கேட்டா.

மகனே, எனக்குப் பெயர் தெரியவில்லை. வாயில் வந்தது கந்தையா. எங்களுக்கு முன் அந்த வீட்டில் இருந்த கதிர்காமநாதன் மாஸ்டர் குடும்பம், ஊரில் தங்கள் வளவில் வேலைக்கு நின்ற கந்தையாவின் நடை இவருக்கும் இருக்கிறது என்று வைத்த பெயர். போகும்போது கதிரை மேசையோடு அந்தப் பெயரையும் எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். நாங்களும் எட்டு வருஷம் கந்தையா, கந்தையா என்று கூப்பிட்டோம், அவரும் ஓம் என்று எங்கள் தமிழிலேயே சொல்லிக்கொண்டு வந்தார். உண்மைப் பெயர் என்ன என்று நான் ஒருநாள் கேட்டிருக்கிறேனா, இல்லை. இலக்கம் மட்டும் நன்றாகத் தெரியும், நாலாயிரத்து நூற்றெழுபத்தாறு, நீ பதினாலு வயதில் அதை எட்டால் பிரிக்கலாம், ஒன்பதால் பிரிக்கலாம் என்று அவருக்கே கணக்குச் செய்து காட்டினாய், அவர் சிரித்தார். அந்தச் சபையில் எனக்கு இலக்கம் ஞாபகம் வந்தது, பெயர் வரவில்லை. பேச்சாளர் உடனே, எங்கள் தேத்தண்ணி அம்மாவின் கதை மனதைத் தொடுகிறது, ஆனால் மியூசியத்துக்கு ஆதாரம் வேண்டும் என்று சொல்லிச் சபையை மறுபடியும் சிரிக்க வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை செயலாளர் கூப்பிட்டு, விருந்தாளியைச் சபையில் அவமதித்ததற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடதாசி அடித்துத் தந்தார். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வைத்துக் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் வரத் தேவையில்லையாம். சரி, ஆதாரம் கொண்டுவந்தால் துண்டை மாற்றி எழுதுவீர்களா என்று நான் கேட்டேன். ஓர் ஆளின் பெயரும் ஊரும் சொந்தக்காரரின் வாய்மொழியும் இருந்தால் யோசிக்கலாம் என்றார், நான் எங்கே கொண்டுவரப் போகிறேன் என்ற நினைப்பு அவருக்கு. ஊரோடு ஒத்து வாழ் என்று அப்பா சொல்லுகிறார். எந்த ஊரோடு என்று கேட்டேன், கசாமாவும் நாங்கள் வாழ்ந்த ஊர்தானே. உடனே பல்லு நோகுது என்று போய்ப் படுத்துவிட்டார். நான் கையெழுத்து வைக்கமாட்டேன். வேலை போனால் போகட்டும், தேத்தண்ணி ஊற்ற இந்தப் பட்டணத்தில் வேறு இடமா இல்லை.

கடைசிப் பேச்சு நவம்பர் பதினோராம் திகதி. அந்தச் சண்டை முடிந்த நாள் அது, இங்கே சட்டையில் சிவப்புப் பூக் குத்திக்கொண்டு செத்தவர்களை நினைப்பார்கள். ஒவ்வொரு ஊர்ப் பூங்காவிலும் கல்லில் வரிசையாகப் பெயர் வெட்டியிருக்கிறது, ஒருவரையும் விடவில்லை, நல்ல வழக்கம்தான். ஆகையால் உனக்கு ஒரு வேலை தருகிறேன், சாட்டுச் சொல்லாதே. கப்பிரி ம்போஷியிலிருந்து புது ரயில் கசாமாவுக்குப் போகுது என்று நீதானே பெருமையாக எழுதினாய், இந்தக் கடிதம் கிடைத்த கிழமையே லீவு போட்டு ஏறு. அந்தக் காவல்காரர் உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ தெரியாது, எண்பதுக்குக் கிட்ட வரும். மகள் சந்தையில் கப்பெந்தாக் கருவாடு விற்பவள், நெத்தலி மாதிரி இருக்கும் என்று நான் அவளிடம்தான் வாங்குவேன், இடது புருவத்தில் ஒரு வெட்டுக்காயம், உனக்கு ஆளைத் தெரியும். முதலில் எட்டு வருஷம் பெயர் கேட்காததற்கு அம்மா மன்னிப்புக் கேட்கிறா என்று சொல்லு. நான் மன்னிப்புக் கேட்கவேண்டிய இடம் அதுதான், இங்கே இல்லை. பிறகு அவருடைய பெயரைக் கேள், திரும்பி வராத அண்ணனுடைய பெயரையும் கேள், அவள் சொல்லுகிறதை எழுதி அவளிடமே வாசித்துக் காட்டு.

அவள் சொல்லுகிறதைக் கடிதமாகப் பின்னால் அனுப்பு, பெயர்களை மட்டும் உடனே தந்தி அடித்துவிடு. பதினோராம் திகதி நான் கேத்திலுக்குப் பின்னால் நிற்கப் போவதில்லை. பொதுப்பேச்சுத்தானே, முன்வரிசைக் கதிரையில் நல்ல சேலை கட்டிக்கொண்டு இருப்பேன், யோகாவும் வாறன் என்கிறாள், தமிழில்தான் சொன்னாள். அப்பா வரமாட்டாராம், ஆனால் தந்தி வந்தால் தபால்காரனுக்குக் கதவு திறக்க அன்றைக்கு லீவு போட்டு வீட்டில் இருக்கட்டோ என்று நேற்றுக் கேட்டார்.

ரயிலில் கண்ட கண்ட தண்ணீர் குடிக்காதே, அவளுக்குக் கொடுக்க வெறுங்கையோடு போகாதே. பிள்ளையார் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும்.

எழுதும் தாள் முடிந்துவிட்டது, அதனால் இந்தக் கடைசித் தாளை மறுபக்கம் திருப்பிப் பார். இங்கிலிஷில் அடித்திருக்கும், கீழே மிசிஸ் ஷெர்லி என்று போட்டு ஒரு கோடு இழுத்திருக்கும். அவர்கள் கையெழுத்துக் கேட்ட கடதாசி அதுதான். கையெழுத்தை இந்தப் பக்கத்தில் வைக்கிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
சிவனேஸ்வரி விக்னராஜா