சாம்பிராணிக்குக் கட்டிய தொப்பி

அக்கா,

இன்று வெள்ளிக்கிழமை. எதிர்வீட்டில் சாம்பிராணி போட்டிருக்கிறார்கள். புகை நேராக எங்கள் சன்னலுக்குத்தான் வருகிறது. முன்பு எனக்குப் பிடித்த வாசனைதான். பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மலையில், மாட்டுப்பட்டிப் பாதையில் இருந்த உன் வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விட்டபோது, லைசென்ஸுக்காக அத்தான் புகை அலாரம் வாங்கினார். விருந்தாளி அறைகளுக்கு மட்டும் போதும் என்றவரிடம் சண்டை போட்டு, உங்கள் படுக்கையறையிலும் ஒன்றை மாட்ட வைத்தாய். மாதம் பிறந்தால் துடைப்பக் கட்டையால் அதன் பொத்தானை அழுத்திப் பார்ப்பாய். பழைய பெயின்ட் பிரஷால் தூசி தட்டுவாய். அது வீறிட்டதும் உன் முகத்தில் அப்படியொரு திருப்தி. "ஏட்டி, நாம அசந்தாலும் இது அசராதுட்டி" என்பாய்.

வெள்ளிக்கிழமைதான் வம்பு. நீ தூபக்காலோடு அறை அறையாகப் போவாய், ஒவ்வொன்றாகக் கத்தும். ஒருமுறை தலை நிறைய ஷாம்பு நுரையோடு ஒரு விருந்தாளி வாசலுக்கே ஓடி வந்துவிட்டார். உனக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு முட்டியது. அத்தானுக்குச் சிரிப்பு வரவில்லை. "வந்தவுக பயந்து ஓடுதாக. நம்ம பேரு என்னத்துக்கு ஆகும்?" என்றார். விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த பிளாஸ்டிக் குளியல் தொப்பிகளை எடுத்து அலாரத்துக்கு ஒன்றாக மாட்டினார். அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. அதற்குப் பிறகு எல்லா வெள்ளியும் அதுவே வழக்கமாகிவிட்டது. தொப்பியை மாட்டுவது அவர். புகை அடங்கியதும் ஸ்டூலில் ஏறிக் கழற்றுவது நீ. அவர் ஒரு நாளும் கழற்றியதில்லை.

போன மார்கழியில் ஈரப் படியில் வழுக்கி, காலில் மாவுக்கட்டோடு படுத்துவிட்டாய். அந்த வெள்ளி அத்தானே சாம்பிராணி போட்டார். விருந்தாளிகள் இருந்ததால் அவர்கள் அறைப் பக்கம் போகவில்லை. உன் அறை அலாரத்துக்கு மட்டும் தொப்பியை மாட்டினார். மலையில் எல்லோரும் செய்வதுபோல, மிச்ச நெருப்புக் கங்கை ஒரு சட்டியில் கொட்டி, குளிருக்கு இருக்கட்டும் என்று உன் கட்டிலடியில் தள்ளினார். கதவைச் சாத்திவிட்டு டிவி பார்க்கப் போனார். வலி மாத்திரை போட்டு நீ அசந்து தூங்கியிருந்தாய். தொங்கிக்கொண்டிருந்த கம்பளி கங்கில் பட்டுப் புகைந்திருக்கிறது. கதவிடுக்கு வழியாகப் புகை கசிந்து, கடைசியில் கத்தியது விருந்தாளி அறை அலாரம். அவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பிழைத்தார்கள். பிழைக்கட்டும், அவர்கள் என்ன பாவம் செய்தார்கள். உன் கதவைத் திறக்கும்போது எல்லாம் முடிந்திருந்தது.

காரியம் முடிந்த அன்று உன் அறைக்குள் போய் ஸ்டூலில் ஏறினேன். கூரையெல்லாம் கரி, தொப்பியெல்லாம் கரி. தொப்பியை உருவினேன். உள்ளே அலாரம் நீ துடைத்து வைத்த வெள்ளையில் அப்படியே இருந்தது. பொத்தானை அழுத்தினேன். வீறிட்டது. கூடத்தில் இருந்தவர்கள் பதறி எழுந்தார்கள். "துக்க வீட்டுல என்ன புள்ள இது?" என்று யாரோ அதட்டினார்கள்.

"கழத்த மறந்துட்டேன். அவ தலையெழுத்து, என்ன செய்ய?" என்றார் அத்தான். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். தலையெழுத்தாம்! தலையெழுத்தா ஸ்டூலில் ஏறி அந்தத் தொப்பியை மாட்டியது? நான் அவரை மன்னிக்கவில்லை அக்கா. அவர் இளைத்துப்போய்விட்டார், சாப்பிடுவதில்லை என்று வந்து சொல்கிறார்கள். கேட்டுக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

அலாரத்தை அன்றே கழற்றி ஆனைக்கரையில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். எங்கள் படுக்கையறையில், என் தலைக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறேன். மாதம் பிறந்தால் பொத்தானை அழுத்துகிறேன், உன்னைப் போலவே பழைய பிரஷால் தூசி தட்டுகிறேன்.

இதோ, எதிர்வீட்டுப் புகை உள்ளே நிறைந்து அது கத்தத் தொடங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் கையில் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்து நிற்கிறார். "புகை போற வரைக்கும் இதக் கட்டி வைப்போம். எந்திரி, ஸ்டூலக் குடு" என்கிறார்.

நான் எழுந்திருக்கவில்லை அக்கா. கத்தட்டும்.