செவ்வாய்க்கிழமைக் குதிரை

அரியலூர்
12-9-1944

அன்புள்ள அத்தானுக்கு,

பட்டாளத்தில் சுகமாக இருக்கிறீர்களா? கடிதம் வந்து நான்கு மாதமாகிறது. தபால்காரர் ஊருக்கு வரும்வரை பொறுக்காமல், மாமா செவ்வாய்தோறும் உங்கள் குதிரையில் அரியலூர் தபால் ஆபீசுக்கே போய்க் கேட்டு வருவார்.

போன மாதம் ஒரு செவ்வாயன்று குதிரை மட்டும் வீடு திரும்பியது. மாமாவை ஓடைக்கரையில் கண்டோம். உங்களுக்குப் பதிலாகச் சித்தப்பா கொள்ளி வைத்தார்.

"அந்தச் சனியன வித்துத் தொலை" என்கிறார் அத்தை. நான் விற்கவில்லை. மூன்று நாள் பட்டினி கிடந்துவிட்டு, என் கையால்தான் கொள்ளு தின்றது.

இன்று நானே ஏறி வந்தேன். வழியெல்லாம் சிரித்தார்கள். இறங்கித் தபால் ஆபீசுக்குள் போனேன்.

"பெரியவர் வரலீங்களாம்மா?" என்று ஆபீஸ் குமாஸ்தா கேட்டார்.

"இனிமே நான்தான் வருவேங்க" என்றேன்.

அவர் தபால் கட்டை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார்.

இப்படிக்கு,
தங்கள் மனைவி