மல்லிகா தங்கிய ஹோட்டல்

ஜூலை 20, திங்கள்

பேய்க்காற்று. துணி காயப்போட்டால் கிளிப்போடு பறக்கிறது. எங்கள் ஊர்க் கோயில் திருவிழா, ஆடித் தபசுக்கு ஒரு வாரம்.

நாத்தனார் மல்லிகா ராஜபாளையத்திலிருந்து போன்.

"மதினி, இந்த வருசம் கொஞ்சம் கூடுதலா வாரோம். அவுக ஆபீஸ் ஆளுங்களும் உண்டு. வடை மட்டும் மறந்துராதிய."

வடை மட்டுமாம். கோயில் தெற்கு ரத வீதிக்கு அடுத்த தெருவில் எங்கள் வீடு; தபசு பார்க்க வருகிற சொந்தமெல்லாம் சாப்பாட்டுக்கு இங்கேதான். கல்யாணமாகி வந்ததிலிருந்து, சாமி காட்சி கொடுக்கிற நேரம் நான் இரண்டாம் பந்திக்கு சாம்பார் கொதிக்க வைத்துக்கொண்டிருப்பேன். ஒரு தபசுகூடப் பார்த்ததில்லை.

பிறகு அவள் குற்றாலத்தில் தங்கிய ஹோட்டல் கதை. நீச்சல் குளம், டிஜே, ஆட்டம். "உங்களுக்கெல்லாம் அது செட் ஆகாது மதினி."

இருக்கட்டும்.

ஜூலை 22, புதன்

அதே ஹோட்டலுக்குப் போன் போட்டேன். தபசு அன்றைக்கு ரூம் உண்டு. சீசன் ரேட். அந்தக் காசுக்கு நல்ல பட்டுப்புடவையே எடுக்கலாம்.

ஸ்டெல்லாவிடம் கேட்டேன். பள்ளிக்கூடத்து சேக்காளி, இப்போது டீச்சர். செல்லில் தேடிப் பார்த்துச் சொன்னாள்.

"பாத்ரூம்ல நாத்தமாம். விடிய விடிய பாட்டுச் சத்தமாம். அவ்வளவு துட்டுக்கு வேண்டாம்ட்டி."

யோசித்தேன். நான் இல்லாத வீட்டில் மல்லிகா வடைச்சட்டி முன்னால் வேர்த்து வடிய நிற்பது கண்ணில் தெரிந்தது. அதற்கு இந்த ரேட் அதிகமில்லை. ஸ்டெல்லாவும் வருகிறாள். புக் பண்ணியாச்சு.

இவரிடம் மூச்சு விடவில்லை. முன்னமே தெரிந்தால் சமையலுக்கு ஆள் வைத்துவிடுவார்.

ஜூலை 25, சனி

"உளுந்து வாங்கலையா?" என்றார் இவர். வாங்கிரலாம் என்றேன். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு.

கொஞ்சம் பயம்தான். இவர் கெட்டவர் இல்லை. ஆனால் மல்லிகா அன்று "செட் ஆகாது" என்றபோது பக்கத்தில்தான் இருந்தார். ஸ்பீக்கரில் கேட்டார். சிரித்தார்.

தபசு அன்று, காலை

கார் வாசலில் நிற்கிறது. பை கட்டியாச்சு. இப்போதுதான் சொன்னேன்.

"குற்றாலம் போறேன். நாளைக்கு வாரேன்."

"வெளாடுதியா? எல்லாரும் வாராங்கட்டி!"

"வடை மட்டும் மறந்துராதிய."

மாலை, குற்றாலம்

சாரல் அருமை. ஹோட்டல் தேறாது. மெத்தையில் ஈர வாடை. குளத்தில் பீர் பாட்டில் மூடி மிதக்கிறது. டிஜே இப்போதே தொடங்கியாச்சு, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. ஒருத்தன் வராந்தாவிலேயே வாந்தி.

ஸ்டெல்லா காதில் பஞ்சு வைத்திருக்கிறாள். "விடிஞ்சதும் கிளம்பிருவோம், என்னால முடியாது." நானும் சரி என்றேன். மல்லிகா புலம்பி ஒரு போன் போட்டால் போதும், கொடுத்த காசு வீணில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தது இவர் போன்.

"ஒருத்தரும் வரல. நீ இல்லன்னதும் மல்லிகா பாதி வழியில காரைத் திருப்பிட்டா. மத்தவங்களும் அடுத்த வருசம் பாப்போம்னுட்டாங்க."

"சாமி அங்கனதான இருக்கு?"

அவருக்குப் பின்னால் மேளச் சத்தம்.

"அப்ப இத்தன வருசமும் இவங்க சாப்பிடத்தான் வந்தாங்களா?" என்றார்.

மல்லிகாவுக்கு ஓங்கிய அடி இவர்மேல் விழுந்துவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. அவர் சிரித்ததும் ஞாபகம் இருந்தது.

"காலையில வந்துருவேல்லா?"

"ரூம் நல்லா இருக்கு. இன்னொரு நாள் இருந்துட்டு வாரேன்."